டோபி காட்டில் ஒலித்த தோட்டத்துப் பாட்டு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ராக் இசை, பாப் இசை என்று சொல்லப்படும் மேல்நாட்டு இசையின் வரலாறு. "இதில் தோட்டத்து மக்களுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நாமும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு, பள்ளி முடிந்த ஒரு மாலையில், நம் மாணவன் ஒருவனின் தாயார் நம்மைப் பார்க்க வந்தார். "சார், இவனுடைய அண்ணன் உறுமி மேளம் அடிக்கிற பையன்களோடு சேர்ந்துவிட்டான். இப்போது கிதார் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். மேளம், கிதார் என்று போனவன் எவன் சார் உருப்பட்டான்?" என்று கேட்டார். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அவருடைய அச்சத்தை நம்மால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. உடனே பதில் சொல்லவும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது கிடைத்த செய்திகளையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சிங்கப்பூருக்குப் போவோம். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில் டோபி காட் என்றொரு பகுதி இருக்கிறது. லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் சிராங்கூன் சாலைப் பகுதியிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. இரயிலில் ஏறினால் அடுத்த நிலையம். இன்று அது 3 இரயில் பாதைகள் கூடும் பெரிய சந்திப்பு. ஆனால் அதன் பெயர் என்ன சொல்கிறது? டோபி என்றால் சலவைத் தொழிலாளர். காட் என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் ஊராரின் துணிகளைத் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். ஓடை பின்னர் கால்வாயாயிற்று. புல்வெளி கட்டடங்களாயிற்று. துவைத்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய தொழிலின் பெயர் மட்டும் அந்த இடத்தில் நிலைத்துவிட்டது. உழைக்கும் மக்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் மிஞ்சுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் இது மீண்டும் வரும்.

அந்தச் சந்தியில் 1939ஆம் ஆண்டு கத்தே கட்டடம் எழுந்தது. அக்காலச் சிங்கப்பூரின் முதல் வானளாவிய கட்டடம் அது. குளிரூட்டப்பட்ட திரையரங்கும் அதற்குள் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுடைய ஒலிபரப்புத் துறை அங்கிருந்து இயங்கியது. 1943 அக்டோபர் 21ஆம் நாள், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்ததும் அந்தத் திரையரங்க மண்டபத்தில்தான். அவர் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற நம் பெண்கள் பலர் இருந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போருக்குப் பின், 1949இல், டோபி காட்டை அடுத்த கிளமென்சோ அவென்யூவில் ரீடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலி நிலையம் தொடங்கியது. மாதம் 5 வெள்ளி கட்டினால் வீட்டில் ஒரு பெட்டியை மாட்டி, கம்பி வழியே பாட்டும் கதையும் அனுப்புவார்கள்.

ஆக, டோபி காட் வட்டாரம் வெளியுலகத்தின் ஒலி சிங்கப்பூருக்குள் வந்து இறங்கிய துறைகளில் ஒன்றாயிற்று எனலாம். 1950களின் பிற்பகுதியில் திரைப்படம், இசைத்தட்டு, வானொலி ஆகிய மூன்று வழிகளிலும் ஒரு புதிய இசை வந்து இறங்கியது. அதுதான் ராக் இசை. அது எங்கே பிறந்தது என்று பார்த்தால், நேயர்களே, நம்மை வியப்பில் ஆழ்த்தும் விடை கிடைக்கிறது. அது பிறந்தது ஒரு தோட்டத்தில்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தித் தோட்டங்கள். அவற்றில் வேலை செய்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததியினர். 1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. முதலாளியின் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டு, முதலாளியின் கடையிலேயே கடனுக்குச் சாமான் வாங்கி, ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும் வாழ்க்கை. அடிமையாக விற்கப்பட்டவர்களின் துயரமும், கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறிய நம் முன்னோரின் துயரமும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அடிமைத்தனம் அதனினும் கொடியது. ஆயினும் கடைக்கடன் என்றால் என்ன, பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த மக்கள் வேலைக்காட்டில் பாடினார்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். மண்வெட்டி விழும் தாளமே பாட்டின் தாளம். நாற்று நடும்போதும் கும்மி அடிக்கும்போதும் நம் பெண்கள் பாடியதும் இதே முறைதான். இந்தக் காட்டுப் பாட்டும், கோயில் பாட்டும், தனித்திருந்து புலம்பும் பாட்டும் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளூஸ் என்ற இசை உருவாயிற்று. நம் ஒப்பாரியும் தெம்மாங்கும் கலந்தது போன்றதொரு சோகமும் எள்ளலும் அதில் உண்டு.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் ஆய்வாளரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க் என்ற கறுப்பினப் பேராசிரியரும், ஒலிப்பதிவு இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில், பாட்டியிடம் வளர்ந்த ஓர் இளைஞர், மரத்தாலான ஒரு குடிசையில் வாழ்ந்து வந்தார். பகலில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுவார். இரவில் கிதார் வாசித்துப் பாடுவார். ஊரார் அவரை அழைத்த பெயர் மடி வாட்டர்ஸ். 'சேற்று நீர்' என்பது அதன் பொருள். குழந்தையாக இருந்தபோது சேற்றில் விளையாடியதால் வந்த பட்டப்பெயராம்.

வந்தவர்கள் அவருடைய பாட்டைப் பதிவு செய்து, உடனே அதை ஒலிக்கச் செய்தார்கள். அதுவரை தம் குரலை வெளியே நின்று கேட்டிராத அந்தத் தொழிலாளி, முதன்முறையாகத் தம் பாட்டைத் தாமே கேட்டார். பின்னர் அந்த இசைத்தட்டின் படிகளை நூலகம் அவருக்கு அனுப்பியது. அவர் அதை எடுத்துப் போய், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இசைத்தட்டில் பாடுகிறவர்களுக்கு நாம் எவ்விதத்திலும் குறைந்தவரல்லர் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்குப் பிறந்தது.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1943இல் அவர் தோட்ட மேற்பார்வையாளரிடம் போய்க் கூலி உயர்வு கேட்டார். ஒரு மணி நேரத்திற்கு 22½ சென்ட் கொடுத்து வந்தார்கள். 25 சென்ட் வேண்டும் என்றார். அவர் கேட்டது இரண்டரை சென்ட் அதிகம், அவ்வளவே. மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். மடி வாட்டர்ஸ் இரயிலேறி வடக்கே சிகாகோ நகரத்திற்குப் போய்விட்டார். இரண்டரை சென்ட் மறுக்கப்பட்டதால் உலக இசையின் போக்கே மாறியது என்று சொன்னால் மிகையாகாது.

சிகாகோவில் அவர் ஒரு சிக்கலைச் சந்தித்தார். தோட்டத்துக் குடிசையில் கேட்ட கிதார் ஒலி, நகரத்து மதுக்கடைகளின் கூச்சலில் கேட்கவில்லை. ஆகவே மின்சாரக் கிதாருக்கு மாறினார். கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்குறியாக மாற்றும். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கித் தரும். தோட்டத்துப் புலம்பல் இப்போது நகரத்து முழக்கமாயிற்று. 1950இல் அவர் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பெயர் 'ரோலிங் ஸ்டோன்'. உருளும் கல் என்று பொருள். இந்தப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 1949இல் சிறிய, உடையாத, 45 சுற்று இசைத்தட்டு வந்தது. 1954இல் சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவரை கூடத்தில் அப்பாவின் கையில் இருந்த வானொலி, பிள்ளைகளின் கைக்குப் போயிற்று. அதே 1954 ஜூலையில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த எல்விஸ் பிரெஸ்லி என்ற வெள்ளை இளைஞர், மெம்ஃபிஸ் நகரில் தம் முதல் புகழ்பெற்ற பாட்டைப் பதிவு செய்தார். அது ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர் எழுதிய பாட்டு. 1955இல் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' ஒரு திரைப்படத்தின் வழியே உலகமெங்கும் பரவியது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். எல்விஸ் கோடீஸ்வரரானார். பாட்டை எழுதிய ஆர்தர் குருடப் தமக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகைக்காகப் பல ஆண்டுகள் போராடியும் உரியதைப் பெறவில்லை. கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றி, 1974இல் காலமானார். இது இன்னாருடைய பாட்டு என்று எழுதி, பதிந்து, காத்து வைக்கவில்லையென்றால், பாட்டு ஊரெல்லாம் போகும். பாடியவரின் வீட்டுக்கு ஒன்றும் வந்து சேராது.

இனி மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். 1961 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளிஃப் ரிச்சர்ட் என்ற பாடகரும் ஷேடோஸ் என்ற கிதார்க் குழுவும் வந்து, ஹேப்பி வேர்ல்டு அரங்கில் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். மூன்று கிதாரும் ஒரு பறையணியும் இருந்தால் போதும், நான்கு பேர் ஒரு பெரிய மண்டபத்தையே ஆட்டி வைக்கலாம் என்பதைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகு சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் கம்பங்களிலும் இளைஞர் குழுக்கள் காளான்களைப் போல முளைத்தன.

இவர்கள் யார்? குவீன்ஸ்டவுன் என்ற புதிய குடியிருப்பில் இருந்த உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் சிலர் சேர்ந்து குவெஸ்ட்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். சீனர், இந்தியர், யூரேசியர் என்ற வேறுபாடு அவர்களுக்குள் இல்லை. அதன் முதன்மைக் கிதார்க் கலைஞராக விளங்கிய ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளியினர். 1964இல் அவர்கள் வெளியிட்ட 'ஷாண்டி' என்ற வாத்திய இசை, சிங்கப்பூர்ப் பாடல் வரிசையில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பார்கள். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தக் குழுவை, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர் வரிசையில் முந்தினார்கள். பிறர் பாட்டை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தவரை அவர்களுக்கு அந்த வெற்றி வரவில்லை. குழுவில் ஒருவர் தாமே அமைத்த இசையை வாசித்தபோதுதான் வந்தது. இது நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம்.

இன்னும் சிலரையும் குறிப்பிட வேண்டும். 1963இல் கிரெசெண்டோஸ் என்ற குழுவைப் பிலிப்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. பன்னாட்டு நிறுவனம் ஒன்று சேர்த்துக்கொண்ட முதல் சிங்கப்பூர்க் குழு அது. அதில் பாடிய சூசன் லிம் பள்ளி மாணவி. நவோமி சூரியா என்ற பெண்மணி பாய்ஸ் என்ற குழுவோடு பாடிப் புகழ் பெற்றார். மலாய் இளைஞர்கள் தங்கள் மொழியில் பாடத் தொடங்கினார்கள். எம். ஒஸ்மான் பாடிய 'சுசானா' அதற்கு முன்னோடி என்பர். பீட்டில்ஸ் பாட்டில் வரும் கூவலிலிருந்து 'பாப் யே யே' என்ற பெயரே அந்த இசைக்கு உண்டாகி, சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் கம்பமெங்கும் ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் டோபி காட்டிலிருந்து ஆர்ச்சர்ட் சாலை வழியே மேலே போனால், ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் கூடத்தில் இக்குழுக்களின் இசையைக் கேட்க இளைஞர்கள் திரண்டிருப்பார்கள். பிரிட்டிஷ் படைத்தளங்களின் மனமகிழ் மன்றங்களிலும் இவர்களுக்கு வேலை கிடைத்தது.

1965 பிப்ரவரி 16ஆம் நாள், சிங்கப்பூர்ப் பூப்பந்து மண்டபத்தில் ஓர் ஆங்கிலக் குழு வந்து பாடியது. அதன் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ். நினைவில் வைக்கச் சொன்ன பெயர் இதுதான். இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் 1962இல் குழு அமைத்தபோது, தாங்கள் விரும்பிக் கேட்ட மடி வாட்டர்ஸின் இசைத்தட்டிலிருந்தே தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். மிசிசிப்பித் தோட்டத்துக் குடிசையில் தொடங்கிய இசை, சிகாகோ, இலண்டன் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அன்று மண்டபத்தில் ஆரவாரித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தாங்கள் கேட்பது டிராக்டர் ஓட்டிய ஒரு தோட்டத் தொழிலாளியின் பாட்டின் பேரப்பிள்ளை என்று தெரிந்திருக்கும்?

நேயர்களே, இனி அந்தத் தாயாரின் அச்சத்திற்கு வருவோம். அவரைப் போலவே சிங்கப்பூர்ப் பெற்றோர்களும் அஞ்சினார்கள். அரசாங்கமும் அஞ்சியது. 1959இலேயே மஞ்சள் பண்பாடு என்று பெயரிட்டு, கேடு விளைவிக்கும் பொழுதுபோக்குகளுக்கு எதிராக இயக்கம் நடந்தது. 1960களின் கடைசியில் மேல்நாடுகளில் ராக் இசையோடு போதைப்பொருளும் சேர்ந்துகொண்டது உண்மை. புதிதாக விடுதலை பெற்று, பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஒரு சிறு நாடு, தன் பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதே என்று எண்ணியதில் தவறு காண முடியாது. ஆனால் அச்சம் அளவு கடந்து போயிற்று. ஆண்கள் நீண்ட முடி வளர்ப்பதே குற்றம் போலாயிற்று. நீள்முடி வைத்தவர்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். 1972இல் லெட் செப்பலின் என்ற உலகப் புகழ்பெற்ற குழு, முடியின் நீளம் காரணமாக நாட்டுக்குள் அனுமதிக்கப்படாமல் திரும்பியது. அவர்களுடைய நிகழ்ச்சி நடக்கவே இல்லை. 1971இல் பிரிட்டிஷ் படைகளும் வெளியேறிவிட்டன. மன்றங்களும் மூடின, கூடங்களும் அடங்கின. பத்தாண்டுகளில் முளைத்த குழுக்களில் பல, சில ஆண்டுகளில் கலைந்து போயின. கிதார் வாசித்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்.

அவர்கள் கெட்டா போனார்கள்? இல்லை. ரெஜி வர்கீஸ் பின்னர் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகிப் பல பாடகர்களை உருவாக்கினார். இழந்தது நாடு. தனக்கென்று ஓர் இசை முளைவிட்ட நேரத்தில் அந்தப் பயிருக்குத் தண்ணீர் விடாமல் போனோமே என்று பிற்காலத்தில் வருந்தியவர்கள், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். கிடைத்தவை கொஞ்சம். போனவை போனவையே.

டோபி காட்டில் இன்று ஒரு சாலை இருக்கிறது. அதன் பெயர் சுபிர் சயிட் சாலை. யார் இந்தச் சுபிர் சயிட்? 1907இல் சுமத்திராவில் பிறந்தவர். இசை என்பது சமயத்திற்கு ஒவ்வாதது என்று கருதிய தந்தை, மகன் இசைப் பக்கம் போவதை விரும்பவில்லை. மகன் 1928இல் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்து, பங்சவான் என்ற மலாய் நாடகக் குழுவில் சேர்ந்தார். பிறகு இசைத்தட்டு நிறுவனத்திலும், கத்தே கெரிஸ் படநிறுவனத்திலும் வேலை செய்தார். 1958இல் அவர் இயற்றி இசையமைத்த 'மஜூலா சிங்கப்பூரா' 1959இல் சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணாயிற்று. "பாட்டென்று போனவன் எவன் உருப்பட்டான்?" என்ற கேள்விக்கு, அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் காலைதோறும் ஒலிக்கும் பாட்டே விடை சொல்கிறது. 2010 முதல் சிங்கப்பூரின் கலைப் பள்ளி அந்தச் சாலையிலேயே இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் துணி உலர்த்திய வட்டாரத்தில், இன்று பிள்ளைகள் இசையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

"இவையெல்லாம் அயலார் கதை. தமிழில் என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் பாப் இசை முதலில் தழைத்தது இலங்கையில். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர், சிங்களப் பைலாத் துள்ளல் தாளத்தில் அன்றாட வாழ்க்கையைப் பாடினார்கள். இலங்கை வானொலி அவற்றைத் தமிழுலகெங்கும் கொண்டு சென்றது. 'சுராங்கனி' என்ற பெயர் தெரியாத தமிழர் அக்காலத்தில் அரியர். நம் மலேசியாவில் 2006இல் யோகி பியும் நட்சத்ரா குழுவினரும் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டு, தமிழில் சொல்லிசையைத் தமிழ்நாடு வரை கேட்கச் செய்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொட்டது 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு. தீ, அறிவு ஆகிய இருவரும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒருவர். நிலமில்லாத மக்கள் தோட்டத்தை உருவாக்கியும் நிலமில்லாமலே திரும்பிய கதையைப் பாட்டியின் வாயால் கேட்டு வளர்ந்த பேரன், அதை ஒப்பாரியின் சாயலோடு உலகத்தின் காதில் போட்டார். மடி வாட்டர்ஸும் பாட்டியிடம் வளர்ந்தவரே. பருத்திக்காடானாலும் தேயிலைக்காடானாலும், பாட்டைக் காத்து வைத்தவள் பாட்டிதான்.

ஆகவே அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம்.

"அம்மா, மேளத்தைப் பிடுங்காதீர்கள். படிக்கும் நேரம் இது, அடிக்கும் நேரம் இது என்று வரையறை செய்யுங்கள். யாரோடு பழகுகிறான், எங்கே போகிறான் என்று கண்காணியுங்கள். குடியும் போதையும் அவனை நெருங்காமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமை. ஆனால் கெடுப்பது கூட்டாளியே தவிர, மேளம் அன்று. ஆசைக்கு அடிக்காமல் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். பிறர் பாட்டை வாசித்துப் பழகிய பின், உங்கள் மாமியாரிடம் போய் உட்காரட்டும். அவர் பால்காட்டில் பாடிய பாட்டைக் கேட்கட்டும். அதிலிருந்து அவன் தன் பாட்டை உண்டாக்கட்டும்."

அந்தத் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிழவிக்கு நிறையப் பாட்டு தெரியும் சார். நாங்கள்தான் கேட்டதில்லை" என்றார்.

அன்பர்களே, இதுதான் இன்று நம்முன் இருக்கும் பெரிய வேலை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்காட்டில் வேலை செய்ய அயல்நாட்டவர் வந்தார்கள். நம் குடும்பங்களில் பல பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. லயத்தை இடித்தபோது, அங்கே பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் சேர்ந்து அழிகின்றன. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை என்ற எழுத்தாளர், தொழிற்சங்கப் பணிக்கிடையே தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். அப்படி ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திற்கும் கிடைக்க மாட்டார். ஆனால் லோமாக்ஸ் காரில் ஏற்றிக்கொண்டு போன அந்தக் கனத்த இயந்திரத்தின் வேலையை, இன்று உங்கள் பிள்ளையின் கையில் இருக்கும் கைப்பேசி செய்துவிடும்.

வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள மூத்தவரை உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவரின் பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டில், எந்த வேலையின்போது பாடியது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு படியை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் கொடுங்கள். பதிவு செய்ததும் அவருக்கே அதைப் போட்டுக் காட்டுங்கள். தம் குரலைத் தாமே கேட்கும்போது அந்த முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

டோபி காட்டில் துணி துவைத்தவர்கள் என்ன பாட்டுப் பாடிக்கொண்டு துவைத்தார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. கேட்டு எழுதி வைக்க அன்று ஆள் இல்லை. நம் தோட்டத்துப் பாட்டிகளுக்கு ஆள் இருக்கிறது. நாம் இருக்கிறோம்.